கடைசிப் பட்டை

இடது கையால காசு நீட்டாதே, தாயி. கண்டக்டர் முறைச்சான் பாத்தியா? மிச்சத்தைக் கையில குடுக்காம மடியில போட்டுட்டுப் போறான். ரெண்டு சீட்டு பின்னால இருந்து நான் பாத்துக்கிட்டேதான் வந்தேன். வாட்ச்சையும் வலது கையிலதான் கட்டியிருக்கே. அதான் எந்திரிச்சு வந்து உன் பக்கத்துல உக்காந்தேன். கொஞ்சம் தள்ளிக்கோ. இந்தப் பை என் மடியிலயே இருக்கட்டும், கீழ வைக்க முடியாது. உள்ள அட்டை இருக்கு, கசங்கிரும்.

கோவிச்சுக்கிட்டியா? வயசானவ ஏதோ சொல்றேன், மனசுல வெச்சுக்காதே. என் மகளும் இடது கைக்காரிதான். முனீஸ்வரின்னு பேரு, முனீசுன்னு கூப்பிடுவேன். அவளைத் தேடித்தான் புதுக்கோட்டைக்குப் போறேன். அங்க எந்தத் தெருன்னு கேக்குறியா? அது தெரியாது. புதுக்கோட்டையில இருக்காளான்னே தெரியாது. சிரிக்காதே, சொல்றேன். எல்லாத்தையும் முதல்லேருந்து சொன்னாத்தான் உனக்கு விளங்கும்.

எனக்கு ஊரு திருத்தங்கல், சிவகாசி பக்கம். ஒரு பிரஸ்ஸுல பைண்டிங்ல இருபத்திரண்டு வருசம் வேலை பாத்தேன். காலண்டரு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் வெட்டுற மிஷின்ல கலர் கலரா ஓரம் அறுந்து விழும். மூட்டை கட்டி எடைக்குப் போட்டுருவாக. எனக்கு அதைப் பாத்தா வயிறு எரியும். என்ன வழவழப்பு, என்ன ஜிகினா. ஒரு வருசம் முதலாளி வீட்டம்மாவுக்கு வெளிநாட்டுலேருந்து யாரோ ஒரு வாழ்த்து அட்டை அனுப்பியிருந்தாக. மெல்லிசு மெல்லிசாப் பட்டை வெட்டி ரெண்டு பக்கமும் சாய்வா ஒட்டி, நடுவுல சேத்து, பாக்க அப்படியே மீன்முள்ளுதான். ஒரு நாளைக்குக் குடுங்கம்மான்னு வாங்கிட்டு வந்தேன். எப்படி ஒட்டியிருக்குன்னு தெரியணும்ல? தண்ணியில ஊறப் போட்டு ஒண்ணு ஒண்ணாப் பிரிச்சுட்டேன். மறுநாள் அந்தம்மா மூஞ்சியைப் பாக்கணுமே. ஆனா நான் கத்துக்கிட்டேன். ஊருல இருக்கிற பேன்சி ஸ்டோருக்கெல்லாம் மீன்முள் அட்டைன்னா இந்தக் குருவம்மா அட்டைதான்.

கஷ்டமில்ல. நடுவுல பென்சில்ல ஒரு கோடு போடணும். கீழேருந்து ஆரம்பிக்கணும். இடது பக்கத்துலேருந்து ஒரு பட்டை சாய்வா வந்து கோட்டைத் தாண்டி நிக்கும். வலது பக்கத்துலேருந்து வர்றது அதோட நுனியை மூடும். அதோட நுனியை மறுபடி இடது பக்கத்துது மூடும். இப்படியே மாத்தி மாத்தி மேல வரைக்கும். ஒவ்வொண்ணும் முன்னால இருந்ததை அமுக்கிக்கிட்டுத்தான் நிக்கும். கடைசிப் பட்டை ஒண்ணுதான் முழுசாத் தெரியும். என் அட்டையில அந்தக் கடைசிப் பட்டை வலது பக்கத்துலேருந்து வந்து முடியும். வலது கைக்காரிக்கு அப்படித்தான் வாகு. முனீசு ஒட்டினா இடது பக்கத்துலேருந்து வந்து முடியும். நூறு அட்டையைக் கலந்து வெச்சாலும் எது என்னுது, எது அவளுதுன்னு சொல்லிருவேன்.

அந்த இடது கையை மாத்த நான் படாத பாடு பட்டேன் தாயி. அவ அப்பா அவளுக்கு ஆறு வயசுல போயிட்டாக. ஒத்தைப் பொம்பளை வளர்த்த புள்ளன்னு நாளைக்கு ஒரு சொல்லு வரக்கூடாதுல்ல? சாப்பிடுறப்ப இடது கையைப் பாவாடை நாடாவோட சேத்துக் கட்டிருவேன். எழுதுனா இரும்பு ஸ்கேலால வெரல் மொளியிலயே போடுவேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான். உங்க அம்மா ஒண்ணும் செய்யலையா? ஆச்சரியமாத்தான் இருக்கு. பதினெட்டு வயசு வரைக்கும் அடிச்சுப் பாத்தேன், மாறல. பிடிவாதக்காரி. அடிச்சா அழ மாட்டா, என்னையே பாத்துக்கிட்டு இருப்பா. அழுதிருந்தா நானும் நிறுத்தியிருப்பேன்.

கோவில்பட்டியில குடுத்தேன். நல்ல எடம், சொந்த வீடு, மாப்பிள்ளைக்கு நிரந்தர வேலை. அங்க முதல் சண்டையே எதுக்கு வந்துச்சு தெரியுமா? மாப்பிள்ளையோட பெரியப்பாவுக்கு இடது கையால குழம்பு ஊத்திட்டா. நான் சின்னப் புள்ளையிலேருந்து சொன்னேனா இல்லையா? மாப்பிள்ளை கையைத் திருக்கிட்டாரும்மான்னு போன் பண்ணா. எந்தக் கையைன்னு கேட்டேன். இடது கையைன்னா. அப்ப இனிமே ஞாபகம் இருக்கும்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன், தாயி. மனசாரச் சொல்லல.

அப்புறமும் போன் வரும். மெதுவாப் பேசுவா, பக்கத்துல ஆள் இருக்கும் போல. ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவா. பொறுக்க முடியலம்மா. என்ன ஏதுன்னு கேட்டா வச்சிருவா. எனக்குப் பேசிச் சமாதானம் பண்ண வராது. அதனால அட்டை ஒட்டி அனுப்புவேன். பொங்கலுக்கு ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு, அவ பொறந்த நாளுக்கு, கல்யாண நாளுக்கு. இருக்கிறதுலயே நல்ல ஜிகினாத் தாளாப் பொறுக்கி ஒட்டுவேன். உள்ள வெள்ளையா ஒரு பக்கம் இருக்கும்ல, அதுல எழுதணும். மாப்பிள்ளைதான் முதல்ல பிரிச்சுப் படிப்பாருன்னு அவ சொல்லியிருந்தா. அப்ப என்னத்தை எழுதுறது? பொறுத்துக்கோன்னு எழுதுவேன். அவ்வளவுதான். பெரிய எழுத்தா, ஒரே வார்த்தை. படிச்சா மாப்பிள்ளைக்கும் சந்தோசமா இருக்கும், அவளுக்கும் அம்மா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். நாலு வருசத்துல பதினேழு அட்டை அனுப்பியிருக்கேன். எந்தத் தாய் அனுப்புவா, சொல்லு.

ஒரு தடவை கெளம்பி வந்துட்டா. முன்னாலயே சொல்லல, காலையில கதவைத் தொறந்தா வாசல்ல நிக்கிறா. இடது கையில பழைய சேலைத் துணியைச் சுத்தியிருந்தா. என்னடின்னேன். கதவு இடுக்குல மாட்டிக்கிச்சுன்னா. மஞ்சப்பத்து அரைச்சுப் போட்டேன். மூணு நாள் இருந்தா. மூணு நாளும் நான் ஒட்டுறதைப் பாத்துக்கிட்டே இருந்தா. எனக்கு உள்ளூர பயம். நாலாவது நாளும் இருந்துட்டா அக்கம்பக்கத்துல கேப்பாகள்ல? அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. அடுத்த வாரம் அவ கல்யாண நாளு. நீயே ஒரு அட்டை ஒட்டு, மன்னிச்சிருங்கன்னு எழுதி எடுத்துக்கிட்டுப் போ, மாப்பிள்ளை மனசு எறங்கிரும்னு சொன்னேன். அவ என்னைப் பாத்தா. சின்ன வயசுல பாப்பாளே, அதே மாதிரி. அப்புறம் உக்காந்து ஒட்டுனா.

வலது கையால ஒட்டுனா, தாயி. நான் அடுப்படியிலேருந்து எட்டிப் பாத்தவ அப்படியே நின்னுட்டேன். பதினெட்டு வயசு வரைக்கும் அடிச்சும் வராத வலது கை. பசையை வலது கையால தடவுறா, பட்டையை வலது கையால எடுத்து வைக்கிறா. எனக்கு எவ்வளவு சந்தோசம்ங்கிறே. கல்யாணம் ஆனாத்தான் பொண்ணுகளுக்குப் புத்தி வரும்னு நினைச்சுக்கிட்டேன். அவகிட்டயே சொன்னேன், இப்பத்தான்டி நீ என் மகள்னு.

நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கிறே?

தெரியும். எனக்கு இப்பத் தெரியும். வலது கையால ஏன் ஒட்டுனான்னு எனக்கு இப்பத் தெரியாதுன்னா நினைக்கிறே? கதவு இடுக்குல மாட்டுனா ஒரு வெரல் மாட்டும், ரெண்டு வெரல் மாட்டும். நாலு வெரலுமா வீங்கும்? அன்னைக்கு அது தோணல. வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா எந்தப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பாக்குறாளோன்னு எனக்கு அந்த நினைப்புத்தான். மத்தியானம் பஸ்ஸுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டேன். கோவில்பட்டியில அவ வீட்டு வாசல்ல விட்டேன். அவ மாமியார் அட்டையை வாங்கிப் பாத்துட்டு, என்ன இது கோணலும் மாணலுமா இருக்கு, உங்கம்மா பெரிய கைக்காரின்னாங்களேன்னு கேட்டா. எனக்கு மானம் போச்சு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அதைத்தான் நினைச்சுக்கிட்டு வந்தேன். பட்டை கோணலாப் போச்சேன்னு. கும்பிடுற சாமி மேல சத்தியமா, அதைத்தான் நினைச்சேன்.

அதுக்கப்புறம் அவ போன் பண்ணல. நான் பண்ணா எடுக்கல. எட்டு மாசம் கழிச்சு மாப்பிள்ளைதான் பண்ணாரு. உங்க மக வீட்டை விட்டுப் போயிட்டா, அங்க வந்திருக்காளான்னு. வரல. நகை எல்லாம் பெட்டியில இருந்துச்சாம். உடுத்தின சேலையோட போயிருக்கா. போலீஸுக்குப் போகலாம்னேன், குடும்ப மானம் போயிரும்னாரு. அவரு சொன்னதும் சரின்னுதான் பட்டுச்சு. பதினாலு மாசம் ஆச்சு. கிணறு கிணறாப் போய் எட்டிப் பாத்திருக்கேன், தெரியுமா? தெரு நாய் குலைச்சாக் கூட யாரோ சேதி கொண்டாறாகன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவேன்.

போன மாசம்தான் தபால் வந்துச்சு. இந்தா, இதுதான். மெதுவாப் பிடி. விலாசம் யாரோ எழுதியிருக்காக, அவ எழுத்து இல்ல. அனுப்புனவுக பேரு இல்ல. பிரிச்சேன், மீன்முள் அட்டை. மேல பாத்தேன், கடைசிப் பட்டை இடது பக்கத்துலேருந்து வந்து முடிஞ்சிருக்கு. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சு போச்சு, நான் அசையல. உசுரோட இருக்கா. உசுரோட இருக்கா, கையும் நல்லாயிருச்சு. பாரு, ஒரு பட்டை கூட கோணல் இல்ல.

தபால் முத்திரையைப் பாத்து ஊரைச் சொல்லுங்கன்னு போஸ்ட்மேன் கிட்ட ஓடுனேன். கண்ணாடியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. முன்னாடி மசி அப்பிக்கிச்சும்மா, கடைசியில கோட்டைன்னு மட்டும் தெரியுதுன்னாரு. எந்தக் கோட்டைன்னு கேட்டேன். அதை அந்த ராசாவைத்தான் கேக்கணும்னாரு. அவருக்கு வெளையாட்டு. முதல்ல அருப்புக்கோட்டை போனேன், பக்கம்ல. மூணு நாள் அலைஞ்சேன். அட்டையைக் காட்டி, இப்படி ஒட்டுற பொண்ணு, இடது கையால வேலை பாக்குற பொண்ணுன்னு கடை கடையாக் கேட்டேன். ஒருத்தரு இதே மாதிரி ஐம்பது வேணும், எப்பத் தருவேன்னு கேக்குறாரு. அப்புறம் நிலக்கோட்டை. அப்புறம் செங்கோட்டை. அங்க போலீஸ் ஸ்டேஷன்லயே போய்க் கேட்டுட்டேன். போட்டோ குடுங்கன்னாக. கல்யாணப் போட்டோதான் இருக்கு, மாப்பிள்ளையோட நிக்கிறது. எப்ப காணாமப் போனான்னு கேட்டாக. பதினாலு மாசம்னேன். இவ்வளவு நாள் என்ன பண்ணீங்கன்னு அந்தப் பொம்பளைப் போலீசு கேட்டுச்சு. உன் வயசுதான் இருக்கும். போட்டோவை எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

இன்னைக்கு புதுக்கோட்டை. இங்க இல்லைன்னா பட்டுக்கோட்டை, கந்தர்வகோட்டை, தேவகோட்டை. அப்புறம் பாளையங்கோட்டை. இந்த ராசாக்கமாருக்கு வேற பேரே கெடைக்கலையா? அந்தா சன்னல் வழியாப் பாரு, திருமயம். மலை மேல நெசக் கோட்டை நிக்குது. ஊருப் பேருல கோட்டை இல்ல. இங்க எறங்க வேண்டியதில்லைன்னு ஒரு ஊரு கழியுதே, அது வரைக்கும் புண்ணியம்.

மாப்பிள்ளைக்குத் தெரியுமான்னு தானே கேக்குறே? தெரியாது. போன வாரம் வீட்டுக்கு வந்தாரு. ஏதாவது தகவல் உண்டா அத்தைன்னு கேட்டாரு, மரியாதையாத்தான் கேட்டாரு. கண்ணு மட்டும் வீட்டைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. அவரு வண்டிச் சத்தம் கேட்டப்பவே நான் அட்டையைக் கொண்டு போய் அரிசி டிரம்முக்குள்ள பொதைச்சுட்டேன். என் கை தானாச் செஞ்சிருச்சு. நான் யோசிக்கவே இல்ல. காபி போட்டுக் குடுத்தேன். டம்ளரை வாங்குறப்ப அவரு கையைப் பாத்தேன். நல்ல தடிச்ச கை. நாலு வருசமா அந்தக் கையை நான் பாத்ததே இல்ல, தாயி. தகவல் ஒண்ணும் இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

என்னது? பட்டையில என்னமோ எழுதியிருக்குன்னா? ஆமா. எழுதியிருக்கு. உன் கண்ணுக்குத் தெரியாம இருக்குமா.

அது என் எழுத்து. பிரஸ்ஸுல கெடைச்ச பேனா, ஒரு வருசம் நீலம், ஒரு வருசம் பச்சை, அதான் கலர் மாறி மாறி இருக்கு. நான் அனுப்புன பதினேழு அட்டையையும் வெச்சிருந்திருக்கா. நகையை எடுக்கல, துணியை எடுக்கல, என் அட்டையை எடுத்துக்கிட்டுப் போயிருக்கா. உள்பக்கத்துல நான் எழுதுன அந்த வார்த்தையை மட்டும் பட்டை பட்டையா வெட்டி ஒட்டியிருக்கா. நுனி எல்லாம் உள்ள அமுங்கிப் போச்சுல்ல, அதனால முழுசா வாசிக்க முடியாது. இடது பக்கம் பாரு, பொறு, பொறு, பொறுன்னு மேல வரைக்கும் போகுது. வலது பக்கம் துக்கோ, துக்கோன்னு. யாரோ துக்கம் கேக்க வந்த மாதிரி இருக்கு, இல்ல?

முதல்ல பாத்தப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்கு ஆறுதல் சொல்றான்னு நினைச்சேன். பொறுத்துக்கோம்மா, நான் வந்துருவேன்னு சொல்றா. நான் குடுத்த வார்த்தையை எனக்கே பத்திரமாத் திருப்பிக் குடுக்குறான்னு நினைச்சுக்கிட்டு பூஜை மாடத்துல வெச்சுக் கும்பிட்டேன். ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மூணாவது நாள் பெருக்கிக்கிட்டு இருந்தேன், வெளக்குமாறு கையிலயே நிக்குது. பதினேழு தடவை, தாயி. நான் ஒண்ணு ஒண்ணா அனுப்புறப்ப ஒரு தடவைதான் சொன்னதா இருந்துச்சு. அவ எல்லாத்தையும் சேத்து ஒட்டிக் காட்டியிருக்கா.

சரி, மேல பாரு. கடைசிப் பட்டை. அதுல ஒண்ணும் எழுதல. நான் அனுப்புனதெல்லாம் பதினேழுதான், இது பதினெட்டாவது. புதுத் தாளு. வெள்ளையா விட்டிருக்கா. மறந்து விட்டிருக்க மாட்டா, அவ கைக்கு மறதி வராது. நான் எழுதட்டும்னு விட்டிருக்கா. அப்படித்தானே? நீ படிச்ச பொண்ணு, சொல்லு. இல்ல, உனக்குச் சொல்ல இனிமே ஒண்ணும் இல்லைன்னு விட்டிருக்காளா? அப்படி நினைச்சா எனக்கு அடுத்த கோட்டைக்குப் பஸ் ஏற முடியாது. அதனால நான் எழுதணும்னுதான் விட்டிருக்கா. அவளைப் பாக்குற எடத்துல மொதல்ல இதைத்தான் நீட்டுவேன். வாயைத் தொறந்தா நான் ஏதாவது தப்பாச் சொல்லிருவேன்.

பேனா கொண்டாந்திருக்கேன், இந்தா பையிலதான் இருக்கு. அருப்புக்கோட்டையிலேருந்து எழுதலாம் எழுதலாம்னு பாக்குறேன், கை வரல. என்னத்தை எழுத? மன்னிச்சிருன்னு எழுதலாம்னு பாத்தேன். அது அன்னைக்கு நான் அவளை எழுத வெச்ச வார்த்தை. திரும்பி வான்னு எழுதலாம்னா, எங்க வர்றது? என் வீட்டுக்கு வந்தவளை நான்தானே கொண்டு போய் விட்டேன். கடைசியில மனசுல இருக்கிறதையே எழுதிருவோம்னு தோணுச்சு. பொறுக்க முடியலடின்னு. நெசமாவே என்னால பொறுக்க முடியல, தாயி.

அவளும் போன்ல இதையேதானே சொன்னா. இதே வார்த்தைதான். நான் எழுதுனா, அவ திரும்ப எனக்கு அந்தப் பதினேழையும் காட்டுவா. காட்டட்டும். அவ காட்டுறதுக்காகவாவது எதிர்ல வந்து நிக்கட்டும்.

என்ன, எல்லாரும் எந்திரிக்கிறாக? புதுக்கோட்டை வந்துருச்சா? இரு, நீ எறங்கிறாதே, ஒரு நிமிசம். என் எழுத்துன்னா அவ படிக்க மாட்டா. பாத்த உடனே கிழிச்சிருவா, அவளைக் குத்தம் சொல்ல முடியாது. நீ எழுதிக் குடு. இந்தா பேனா. அட்டையை என் பை மேல வெச்சுக்கோ, ஆடாது. பொறுக்க முடியலன்னு எழுது. கீழ அம்மான்னு போடு.

இல்ல தாயி, பேனாவை ஏன் அந்தக் கைக்கு மாத்துறே. இடது கையாலயே எழுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.